மேல்தட்டு, இருபத்தேழாம் எண்

"என் மக அதிர்ந்து பேச மாட்டா மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு…"

இதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம் தம்பி. மணமேடையில் என் மாமனார் காதருகே குனிந்து சொன்னது. அந்த 'ஆனா ஒண்ணு'க்குப் பிறகு கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. தமிழாசிரியர், எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை. நானும் எல்லாம் கேட்டதுபோலத் தலையாட்டினேன். பிறகு ஒருநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன், அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, முதல் பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இருபத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நன்றாகத்தான் நடந்தது. போன வாரம் வரைக்கும்.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். நல்ல மனசு உங்களுக்கு. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து உட்காரட்டும் என்று இடம் மாற்றித் தரப் பார்க்கிறீர்கள். ஆனால் அது அவளே கேட்டு வாங்கிய இடம். மூன்று வரிசை முன்னால், ஜன்னலோரம், பச்சைச் சால்வை தெரிகிறதா, அவள்தான். ஒசாகா விமான நிலையத்தில் கவுண்டர் பெண்ணிடம் தனியாக ஜன்னல் சீட் வேண்டும் என்று கேட்டாள். இங்கிலீஷில். என் மனைவி இங்கிலீஷில் ஒன்றைக் கேட்டு வாங்கியதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சிங்கப்பூரில் மாறி ஏறிய இந்த விமானத்துக்கும் சேர்த்தே வாங்கிவிட்டாள். அதனால் நீங்கள் போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டாள். அந்த ஹெட்போனையும் அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். திருச்சிக்கு நாலு மணி நேரம் இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்காக அறந்தாங்கி போகிறேன் என்றீர்களே, அப்படியானால் இதைக் கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

என் பெயர் கருணாகரன். புதுக்கோட்டை. மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர்ஸ் மேனேஜர். ஸ்டோர்ஸ் என்றால் ஏதோ மளிகைக் கடை மாதிரி நினைக்காதீர்கள். பதினாலாயிரம் வகைச் சாமான். ஒரு திருகாணி கேட்டால் எந்த வரிசை, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. அந்த முப்பது நாளும் வீட்டில் நான்தான் விருந்தாளி, நான்தான் எஜமான். காலையில் இட்லி, மத்தியானம் மீன், சாயங்காலம் கேட்காமலே பஜ்ஜி.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மற்றவர்கள் அறுபது வயதில் வருவார்கள், வந்து மிச்ச காலத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிப்பார்கள். நான் யோசிக்கிறவன். பத்தொன்பது வருஷம் தனியாகக் கிடந்தவளுக்கு இனிமேலாவது துணையாக இருப்போம் என்று நாற்பத்தெட்டிலேயே வந்தேன். அவளுக்காகத்தான் வந்தேன். இதை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வந்து பார்த்தால் என் வீட்டில் எனக்கு உட்கார இடமில்லை. தேன்மொழி கணக்கில் பி.எஸ்ஸி. நான் மஸ்கட் போன இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள், அது வளர்ந்து வளர்ந்து நாற்பது பேர். பத்தாவது ஒரு கூட்டம், பிளஸ் டூ ஒரு கூட்டம். சாயங்காலம் நாலரை ஆனால் வாசலில் நாற்பது ஜோடி செருப்பு, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஹால் சுவரில் பள்ளிக்கூடத்தில் இருக்கிற மாதிரி பெரிய கரும்பலகை. நான் ஆசையாகக் கொண்டுவந்த அறுபத்தைந்து இன்ச் டிவி அட்டைப்பெட்டியோடு படுக்கையறையில் சுவரைப் பார்த்து நிற்கிறது. நானும் அதற்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்கிறேன், ஹாலில் இவள் குரல் கணீரென்று போகிறது. ஜோக் அடிக்கிறாள் தம்பி. முக்கோணவியலில் என்ன ஜோக் இருக்கிறது? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எட்டு மணிக்கு எல்லாரும் போனதும் உள்ளே வந்து என்னிடம் 'தோசையா, சப்பாத்தியா' என்பாள். அந்தக் குரல் வேறு குரல்.

மூன்று மாதம் பொறுத்தேன். ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னேன். நீ உழைத்தது போதும், நான் வந்துவிட்டேன், இனி ஓய்வெடு என்றேன். எந்தப் புருஷன் இப்படிச் சொல்வான், நீங்களே சொல்லுங்கள். அவள் கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'சரி' என்றாள். பொதுத்தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நான் கரும்பலகையைக் கழற்றி, அதே இடத்தில் டிவியை மாட்டினேன். புதிதாகச் சுவரில் துளை போடக்கூட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து சமையலறை. பத்தொன்பது வருஷ அனுபவத்தை வீட்டுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்க? நூற்றுப் பன்னிரண்டு டப்பா. எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, தட்டு வாரியாக அடுக்கி, லேபிள் ஒட்டினேன். கடுகு ஏ மூன்று. உளுந்து பி ஒன்று. முன்பெல்லாம் கை போன இடத்தில் கடுகு இருந்ததாம், இப்போது நின்று படிக்க வேண்டியிருக்கிறதாம். பழகிவிடும் என்றேன்.

எங்களுக்கு ஒரே பெண், எழில். ஒசாகாவில் வேலை. கம்பெனி விடுதியில் இருக்கிறாள், அங்கே பெற்றவர்களானாலும் தங்கவிடமாட்டார்கள். அவளைப் பார்க்கக் கிளம்பினோம். தங்கும் இடத்தை நான்தான் பதிவு செய்தேன். எழிலிடம் விட்டால் அவளுக்கு வேலை, நேரமில்லை. படத்தில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று வளைவு வளைவாக, ஏதோ விண்வெளிக் கப்பல் மாதிரி இருந்தது. இரண்டு பேர், ஐந்து நாள் என்று போட்டேன். அது திருப்பி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்டது. ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று போட்டேன். ஜப்பான்காரன் எதையும் விவரமாகக் கேட்பவன் என்று நினைத்துக்கொண்டேன். எழில் போனில் சொன்னாள், "அப்பா, அது கேப்சூல் ஹோட்டல், படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?" என்று. எனக்கா படிக்கத் தெரியாது? எல்லாம் தெரியும் போ என்றேன். அதற்குப் பிறகு ரத்து செய்ய முடியாது என்று வந்த மெயிலைத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினோம். வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு சின்ன அலமாரி, அதில் ஷூவை வைத்துப் பூட்டி, சாவியை வரவேற்பில் கொடுக்க வேண்டும். அதாவது உள்ளே போனால் உங்கள் ஷூ அவர்கள் கையில். தப்பித்து ஓட முடியாது. அங்கே இருந்த பெண் குனிந்து குனிந்து கும்பிட்டாள், கையில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி, அவள் அதில் பேச அது எங்களுக்கு இங்கிலீஷில் சொல்லியது. ஆண்கள் ஐந்தாம் தளம், பெண்கள் எட்டாம் தளம். லிஃப்டும் வேறு, அதைத் திறக்க ஆளுக்கு ஒரு அட்டை. என் அட்டையைக் காட்டினால் பெண்கள் லிஃப்ட் திறக்காது.

நான் சிரித்தேன். இவள் என் மனைவி என்று கருவியிடம் சொன்னேன். அது ஜப்பானிய மொழியில் சொல்லியது. அந்தப் பெண் சந்தோஷமாக வாழ்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி ஐந்து, எட்டு என்றாள். நான் மேற்கொண்டு பேச வாயெடுப்பதற்குள் தேன்மொழி தன் அட்டையை வாங்கிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டாள். கதவு மூடும்போது பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டு எப்போது வரும் என்று.

ஐந்தாம் தளத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது ரேக் தம்பி. பத்தொன்பது வருஷம் நான் சாமான் அடுக்கிய அதே ரேக். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டி. பைப்பும் வால்வும் வைத்தேன் அங்கே, இங்கே என்னை வைத்துவிட்டார்கள். மேல்தட்டு, இருபத்தேழாம் எண். சின்ன ஏணியில் ஏறி, தவழ்ந்து உள்ளே போக வேண்டும். ஏழடி நீளம், மூன்றரை அடி அகலம். உட்கார்ந்தால் தலை இடிக்கும். கதவு கிடையாது, ஒரு திரைதான். ஒரு விளக்கு, ஒரு காற்று ஓட்டை, ஒரு சுவிட்சு. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இழுப்பறை இருக்குமே, அதற்கு வைஃபை கொடுத்த மாதிரி. எல்லாருக்கும் ஒரே மாதிரி காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பைஜாமா. அதைப் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நடக்கிறார்கள். போனில் பேசக் கூடாது. அலாரம் வைக்கக் கூடாது. பாட்டு முணுமுணுக்கக் கூடாது. இதற்கு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்போதுதான் மாத்திரை ஞாபகம் வந்தது. எனக்குப் பிரஷர், கொஞ்சம் சர்க்கரை. மாத்திரைப் பெட்டி அவள் பையில். அவள் எட்டாம் தளத்தில். போன் செய்தேன், துண்டித்தாள். மறுபடி செய்தேன், துண்டித்தாள். பதினொரு தடவை. பிறகு ஒரு செய்தி வந்தது. 'இங்கே பேசக் கூடாது. வரவேற்பில் கொடுத்திருக்கிறேன். நீலம் சாப்பாட்டுக்கு முன், வெள்ளை பின்.' கீழே போனால் அந்தப் பெண் இரண்டு கையாலும் ஒரு சின்ன உறையை நீட்டுகிறாள், பட்டம் கொடுக்கிற மாதிரி. ஊரோடு வந்த பிறகு முதல் தடவையாக என் மாத்திரையை நானே பிரித்துச் சாப்பிட்டேன். தண்ணீர்கூட நானே பிடித்துக்கொண்டேன். நிறத்தைச் சொன்னாளே, எத்தனை என்று சொன்னாளா? ஒவ்வொன்று போட்டுக்கொண்டேன், தெய்வமே என்று.

காலையில் ஒன்பது மணிக்குக் கீழே வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரம் காய, முகம் உப்பலில்லாமல், இருபத்தைந்து வயசுப் பெண் மாதிரி. எப்படித் தூங்கினாய் என்றேன். "எட்டு மணி நேரம்" என்றாள். தூங்கினேன் என்றுகூடச் சொல்லவில்லை, மணிக்கணக்கைச் சொன்னாள். திரையை இழுத்துவிட்டால் யாருமே வரமாட்டார்களாம். விளக்கை எப்போது அணைப்பது என்பது அவள் இஷ்டமாம். இது ஒரு பெரிய விஷயமா? வீட்டில் இரண்டு படுக்கையறை, ஏசி, தேக்குக் கட்டில். இங்கே ஒரு பெட்டிக்குள் சுருண்டு கிடந்துவிட்டு வந்து, சொத்து எழுதி வாங்கினவள் மாதிரி பேசுகிறாள்.

என்னை மட்டும் அவர்கள் நன்றாகவே கவனித்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அந்தப் பெண் ஓடிவந்து, மூன்று தடவை குனிந்து, எனக்கு வேறு இடம் தருவதாகச் சொன்னாள். தளத்தின் கோடியில், மூலையில், அக்கம்பக்கம் இரண்டு பெட்டியும் காலியாக. கேட்காமலே. வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை தெரிந்த ஜனம். என் பக்கத்துப் பெட்டிகளில் இருந்த இரண்டு பையன்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி பஞ்சு உருண்டை கொடுத்ததையும் பார்த்தேன், அது எதற்கு என்று தெரியவில்லை. அவர்கள் ஊரில் அது ஒரு பழக்கம் போலிருக்கிறது. நான் மூலைக்குப் போகவில்லை. இருபத்தேழிலேயே இருக்கிறேன், சிரமம் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை. அந்தப் பெண் ஏனோ கண் கலங்கின மாதிரி நின்றாள்.

இன்னொரு வழக்கம் கேளுங்கள். காலை பத்து மணி முதல் சாயங்காலம் நாலு மணி வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது. நாலு நாள் தங்குகிறவனும் பத்துக்கு வெளியே போய்விட வேண்டும். துடைப்பார்களாம். நான் சொன்னேன், என் பெட்டியை நானே துடைத்துக்கொள்கிறேன், எனக்கு முட்டி வலிக்கிறது, படுத்திருக்கிறேன் என்று. கருவி அதையும் சொல்லியது. குனிந்தாள். பத்து மணி என்றாள். ஞாயிற்றுக்கிழமை எழில் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். ஒரு கோட்டை, ஒரு மீன் காட்சிசாலை. நான் ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்தேன். இவள் எங்கேயும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை நான் முடிவுகட்டிவிட்டேன், இது ஒத்துவராது என்று. இரண்டு தெரு தள்ளி ஒரு சாதாரண ஹோட்டல், கதவுள்ள அறை, இரட்டைக் கட்டில். எழிலிடம் சொல்லி அங்கே மாறிவிடலாம் என்று ஏற்பாடு செய்தேன். கணக்கை முடிக்க வரவேற்புக்குப் போனால் அந்தப் பெண் குழம்பிப்போய் ஒரு காகிதத்தைக் காட்டுகிறாள். எட்டாம் தளத்து அம்மையார் தன் இடத்தை இன்னும் பத்து நாளைக்கு நீட்டித்திருக்கிறார்கள். அன்றைக்குக் காலையிலேயே. கையெழுத்துப் போட்டு. தமிழில்.

எழிலைக் கேட்டால், "அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை. அந்தக் கட்டடத்தில் நாலாம் தளத்தில் ஒரு கூடம், அங்கே மட்டும்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். காப்பி எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து பேர் கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்தார்கள். சுவரில் வாய்மேல் விரல் வைத்த ஒரு படம். தேன்மொழி எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். காப்பி எடுத்துவரவில்லை, எனக்கும் எடுத்துவரவில்லை.

"நான் வியாழக்கிழமை வரலைங்க" என்றாள்.

வியாழக்கிழமைதான் ஊருக்குத் திரும்ப விமானம். என்னது என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். கூடமே திரும்பியது. எங்கிருந்தோ ஒரு பையன் சீருடையில் ஓடிவந்து, குனிந்து, அந்தப் படத்தையே சின்ன அட்டையில் போட்டதை என் முன்னால் வைத்தான்.

"கத்தாதீங்க. இங்க கத்தக் கூடாது. அதுக்குத்தான் இங்க வச்சுச் சொல்றேன்."

பாருங்கள், எவ்வளவு யோசித்திருக்கிறாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவள் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் என் குரல் கொஞ்சம் ஏறும், இயற்கை. மூன்றாவதில் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். நாலாவதில் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். இருபத்துநாலு வருஷமாக அவள் ஐந்தாவது வாக்கியத்துக்குப் போனதே இல்லை. அன்றைக்குப் போனாள். ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறந்தால் அந்தப் பையன் அட்டையோடு எழுந்திருக்கிறான். என்ன செய்ய? கேட்டேன்.

வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அவளால் ஒரு நினைப்பை நினைத்து முடிக்க முடியவில்லையாம். குளியலறைக்குள் போனாலும் வெளியே நின்று சார்ஜர் எங்கே என்கிறேனாம். டிவி சத்தத்தில் ராத்திரி பதினொன்று வரை அவளுக்குக் கண் மூடுவதில்லையாம், அதற்குமேல் என் குறட்டையாம். குறட்டை, நான். அந்தத் தளத்தில் ஒருத்தன்கூட என்னிடம் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு சொன்னாள். "நீங்க மஸ்கட்ல இருந்தப்ப ஊரே என்னப் பாத்துப் பாவம்னுச்சு. நான் பாவமா இல்லைங்க."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். விடை எழுதுகிற மாதிரி சொன்னாள்.

"ஒரு நாளைக்கு என்னை எத்தனை தடவ கூப்பிடுறீங்கன்னு தெரியுமா? ஊர்ல ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணினேன். அறுபத்து மூணு."

அறுபத்து மூன்று. உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். நான் மஸ்கட்டில் இருந்தபோது கூப்பிடவில்லை என்று ஒருநாளாவது வருத்தப்பட்டாளா, அதையும் எண்ணியிருக்கலாமே என்றேன். அட்டை வந்தது.

கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தாள். ஹால் வேண்டும். கரும்பலகை வேண்டும். ஜூன் மாதம் டியூஷன் மறுபடி தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் யாரும் 'தேனு' என்று கூப்பிடக் கூடாது. "இது நடக்கும்னா சொல்லுங்க, சேர்ந்து வர்றேன். இல்லைன்னா விசா இன்னும் எண்பத்தாறு நாள் இருக்கு. எழில் மாசக் கடைசியில தனியா ரூம் எடுக்கறா. அதுவரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்." அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன். அதற்குப் பிறகு அப்போது யோசிப்பேன் என்றாள்.

எண்பத்தாறு நாள் நான் சாப்பாட்டுக்கு என்ன செய்வேன் என்று கேட்டேன். மெல்லத்தான் கேட்டேன்.

"எல்லாத்துலயும் லேபிள் ஒட்டியிருக்கீங்களே" என்றாள்.

உண்மைதான். கடுகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியாது.

பத்து மணி ஆகிவிட்டது, எல்லாரையும் வெளியேற்றினார்கள். எழிலுக்கு ஆபீஸ். தேன்மொழி ஏதோ பழைய கோவிலைப் பார்க்கத் தனியாக ரயிலேறிப் போய்விட்டாள், கையில் வரைபடத்தோடு. நான் தெருவில் நின்றேன். ஆறு மணி நேரம்.

எனக்கு அந்த அறுபத்து மூன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்டோர்ஸ்காரன் எந்த எண்ணையும் காகிதத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளமாட்டான். நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அவளுடைய எண் தப்பு என்று நிரூபித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விழுந்துவிடும். சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஹோட்டல் ரசீதும் இருந்தன. இன்றைக்கு அவளே பக்கத்தில் இல்லை, கூப்பிட என்ன இருக்கிறது என்று ரசீதின் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன்.

தெருவைக் கடப்பதற்குள் ஒன்று. எந்தப் பக்கம் திரும்ப என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். கண்ணாடியைத் தேடும்போது ஒன்று, அது தலையில் இருந்தது. தண்ணீர் பாட்டில் விற்கிற மெஷின் முன்னால் நின்று, தேனு, இதில் காசை எங்கே போடுவது என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் தன்னைக் கேட்டேனாக்கும் என்று வந்து போட்டுக் கொடுத்தார். கர்சீப்புக்கு ஒன்று. மத்தியானம் வெள்ளை மாத்திரையா நீலமா என்று ஒன்று. கால் வலிக்கிறது என்று சொல்ல இரண்டு. மணி என்ன என்று ஒன்று, கையில் கடிகாரம் கட்டியிருக்கிறேன். சிலதெல்லாம் வாய்க்கு வரவில்லை, தொண்டையோடு நின்றது, அதையும் சேர்த்துத்தான் கோடு போட்டேன். எண்ணிக்கையில் நான் ஏமாற்றமாட்டேன்.

நாலு மணிக்கு நாற்பத்தொன்று.

நாற்பது எதையோ கேட்பதற்கு, இல்லாவிட்டால் முறையிடுவதற்கு. கடைசி ஒன்று, ஆற்றுச் சுவரில் ஒரு கொக்கு நின்றது. நம் ஊர்க் கொக்குதான், கொஞ்சம் பெரிது. அவ்வளவு வண்டி போகிற இடத்தில் அசையாமல் நின்றது. தேனு, இங்கே பாரு என்றேன்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், நாற்பத்தொன்று எங்கே, அறுபத்து மூன்று எங்கே? அவள் கணக்கு தப்பு. இருபத்திரண்டு வித்தியாசம். மீதி நேரத்தையும் சேர்த்தால் சரியாகிவிடும் என்று எழில் சொல்கிறாள், அவள் எப்போதும் அம்மா பக்கம். ரசீதைப் பையிலேயே வைத்திருக்கிறேன். காட்டட்டுமா? சரி, வேண்டாம்.

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு யோசித்தேன். உட்கார்ந்து யோசிக்க முடியாது, தலை இடிக்கும். பயந்து போய் முடிவெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எனக்குப் பெரிய விஷயமே இல்லை, மஸ்கட்டில் மெஸ் இருந்தது. பெட்டியில் இருக்கிற சாமானைக் கேட்பவனிடம் கொடுத்துத்தானே ஆக வேண்டும், நாமே வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் ஸ்டோர்ஸ் இல்லை. அந்த மாதிரி ஒரு நியாயம்தான்.

புதன்கிழமை காலை நாலாம் தளத்துக்கு நானே முதலில் போய் உட்கார்ந்தேன். அவள் வந்ததும் சொன்னேன். நான் பேசி முடிக்கும் வரைக்கும் அந்தப் பையன் எழுந்திருக்கவே இல்லை. அவள் இரண்டு கேள்வி கேட்டாள், எழுதித் தருவீர்களா என்று ஒன்று, எழிலுக்கும் ஒரு பிரதி அனுப்பலாமா என்று இன்னொன்று. பிறகு எழுந்து போய்க் கீழே பத்து நாளையும் ரத்து செய்துவிட்டு, காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றுதான் எடுத்து வந்தாள், அதை அவளே குடித்தாள்.

நான் எடுத்த முடிவு இதுதான் தம்பி. ஜூன் முதல் தேதியிலிருந்து ஹால் அவளுடையது. மாடியில் பழைய சாமான் போட்டிருக்கிற அறையை ஒழித்துக்கொண்டு நான் அங்கே போகிறேன். படுக்கையும் அங்கேதான், டிவியும் அங்கேதான். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மாடியிலிருந்து கூப்பிடமாட்டேன். பத்தொன்பது படி இறங்கி வந்து, அவள் எதிரில் நின்று கூப்பிடுவேன்.